தமிழ்த்தெய்வ வணக்கமும் தமிழ்த்தாய் வாழ்த்தும்

தமிழகத்தில் விழா தொடங்குமுன் அவையினர் எழுந்து நின்று பாடும் பாடலை அறியாதார் இலர். பள்ளிச் சிறுவர் முதல் முதுபெரும் புலவர் வரை அதனை மனப்பாடமாகக் கூறுவர். அதன்பால் நீங்கா அன்பும் உடையர். ஆயினும் அதன் பொருள் யாது என வினவின், நிலமகளின் முகம், நுதல், திலகம் என்னும் உருவகத்தை விரித்துரைத்த அளவிலே பெரும்பாலோர் நின்றுவிடுவர். இறுதி அடியில் வியக்கப்படும் இளமை எத்தகையது? அதனை வியப்பார் தம் செயலை மறத்தல் எற்றுக்கு? இவ்வினாக்களை எழுப்புவார் அரியர். எழுப்பினும், பாடப்பெறும் பகுதியினுள் அவற்றிற்கு விடை கிடைப்பதில்லை. பாடப்பெறாது விடப்பட்ட அடிகளிலேயே விடை உள்ளது. அதனை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரத்து மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் பாடிய ‘இரகசிய வழி’ என்னும் கதையைத் தழுவி அவர் இயற்றிய மனோன்மணீயம் என்னும் நாடகம் 1891-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூற் பாயிரத்தில் கடவுள் வணக்கத்தை அடுத்துத் ‘தமிழ்த்தெய்வ வணக்கம்’ என்னும் பகுதி அமைந்துள்ளது. அது பஃறாழிசைக் கொச்சகக் கலிப்பாவால் இயன்றது. தொடக்கத்துப் பன்னிரண்டு அடிகளும், அவற்றைத் தொடர்ந்து ஈரடித் தாழிசைகள் பலவும், இறுதியிற் சுரிதகமும் கொண்டது.

தமிழ்ச் சங்கங்களின் கூட்டங்களிற் பல்லாண்டுகளாகப் பாடப்பெற்று வந்த இப்பாட்டின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1970-ஆம் ஆண்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டது. எம். எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் மூன்றன் நடையில் இசையமைத்தார். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. 55 விநாடிகளிற் பாடப்பெற வேண்டும் எனவும், பாடுங்கால் அவையினர் எழுந்து நிற்றல் வேண்டும் எனவும் அரசாணை கூறிற்று. அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இஃது ஒரு வழிபாட்டுப் பாடல், நாட்டுப்பண் அன்று எனக் கருத்துரைத்திருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. வணக்கமோ பண்ணோ என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது எனின், அவ்வினாவிற்குரிய வித்து நூலினுள்ளேயே கிடந்தது என்பது பின்னர்ப் புலனாகும்.

பன்னிரண்டு அடிகளுள் முதல் ஆறடிகளை அரசு முழுமையாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆறடிகளில் ஐந்து நீங்கின. ஐந்தாம் அடியின் ஈற்றில் நின்ற முன்னிலைச் சொல் ஒன்றும், ஆறாம் அடியும் மட்டும் எஞ்சின. முதல் ஆறடிகளின் ஈற்றிலுள்ள விளியை இரட்டித்து, அதன்மேல் இறுதி அடியைப் பொருத்தியதால் ஓசையிற் குறை தோன்றவில்லை. கேட்பார் செவிக்கு இடையில் ஒன்று விடுபட்டது என்பதே தெரியாது. வெட்டிய இடம் அறியாவண்ணம் ஒட்டிய திறமை பாராட்டற்குரியது. பொருளின் நிலையோ வேறு.

முதற்கண் முன் ஆறடிகளை நோக்குவோம். கடலை ஆடையாக உடுத்த நிலமகளுக்குப் பரத கண்டம் முகம். அம்முகத்தில் தக்கணம் பிறை போன்ற நுதல். தக்கணத்திற் சிறந்த திரவிட நாடு அந்நுதல் தரித்த திலகம். அத்திலகத்தின் மணம் போல உலகனைத்தும் இன்புறுமாறு புகழ் பரப்பி இருப்பவள் தமிழ் அணங்கு. இதுவே அவ்வடிகளின் கருத்து. இங்குத் தக்கணத்தையும் திரவிட நாட்டையும் ஓரடியில் நிறுத்தி, நுதலையும் திலகத்தையும் மற்றோரடியில் நிறுத்தி, முறையே கொள்ளவைத்தார் ஆசிரியர். இது நிரல்நிறை. நிரல்நிறையில் ஓரடி நீங்கின் மற்றோரடி பற்றுக்கோடு இன்றி நிற்கும். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் நிகழ்ந்த விழா ஒன்றில் நாட்டுப் பெயர்களைக் கூறும் அடி பாடப்பெறாது விடுபட்டபோது நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சி அரசியல் பற்றியது. ஆயின் இலக்கணம் பற்றியும் முறையிட இடம் இருந்தது. நுதலும் திலகமும் எவற்றிற்கு உருவகம் என்பதே அறியவொண்ணாத நிலை அவ்வேளையில் அப்பாட்டிற்கு நேர்ந்தது.

திரவிடம் என்னும் சொல்லைப் பிற்கால இயக்கங்களின் பொருளில் வைத்து உரைகாண்பார் உளர். 1891-இல் அப்பொருள் பிறந்திலது. நீதிக்கட்சி தோன்றியது 1916-இல்; திராவிடர் கழகம் அப்பெயர் பெற்றது 1944-இல். சுந்தரம் பிள்ளை கேட்டறிந்த திரவிடம் ஒருபால் வடநூலார் வழக்கில் வந்த நாட்டுப்பெயர். மற்றொருபால் கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தின் தலைப்பில் வைத்த மொழிக்குடும்பப் பெயர். இவ்விரண்டனுள் ஈண்டுக் கொள்ளத்தக்கது முன்னையதே என்பது எம் கருத்து. தக்கணத்தினுள் சிறந்த ஒரு பகுதி எனவே அதனைக் குறித்தார். நுதலிற் சிறியதாகவே திலகம் இருக்கும் என்னும் அளவும் அதற்குப் பொருந்துகிறது. மொழிக்குடும்பம் பற்றிய செய்தி பின்வரும் அடிகளிலேதான் வருகிறது.

இவ்விடத்துப் பள்ளி உரைகள் பெரும்பாலும் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. தமிழ் திலகமன்று, திலகத்தின் மணம். திலகம் இட்ட இடத்தில் நிற்கும். மணம் அவ்விடத்தினின்று பிறந்து இடங்கடந்து செல்லும். நாட்டிற்கு எல்லை உண்டு, மொழிக்கு அவ்வெல்லை இல்லை என்பதை உவமையே உணர்த்துகிறது. மலையாளம் வழங்கும் திருவிதாங்கூர் அரசின் தலைநகரில் வாழ்ந்து தமிழ் நாடகம் எழுதிய ஒருவர் இவ்வுவமையைத் தேர்ந்தமை இயல்பே.

இனி விளிச்சொல்லுக்கு வருவோம். பாடப்பெறும் பகுதியிற் ‘தாய்’ என்னும் சொல் யாண்டும் இல்லை. தாய்மையைக் குறிக்கும் வேறு சொல்லும் இல்லை. உள்ளது ‘அணங்கு’ என்பதே. சங்க நூல்களில் அணங்கு என்பது கண்டாரை வருத்தும் தெய்வ ஆற்றலையும், அத்தகைய ஆற்றலுடைய பெண்ணையும் குறித்தது. பிற்காலத்துத் தெய்வமகள் என்னும் பொருளில் நிலைத்தது. எப்பொருள் கொள்ளினும் அணங்கு இளையவள். தாய்மை அச்சொல்லின் பொருளிற் படுவதன்று. அங்ஙனமாகவும் அப்பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்து என வழங்குகிறோம். ஆசிரியர் இட்ட தலைப்பிலும் தாய் இல்லை, தெய்வமே உளது. ஆசிரியர்க்குத் தாய் என்னும் எண்ணமே இல்லையோ எனின், உண்டு. அஃது உள்ள இடம் நீக்கப்பட்ட அடிகள்.

நீக்கப்பட்ட ஐந்தடிகளின் கருத்தை எம் சொற்களிற் கூறுவோம். எண்ணிறந்த உயிர்களையும் உலகங்களையும் படைத்துக் காத்து அழித்தபோதும் பரம்பொருள் தான் முன்பு இருந்தவாறே இருக்கும். அதுபோலக் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு என்பவை தமிழின் வயிற்றிற் பிறந்து, ஒன்றாயிருந்தது பலவாகிய போதும், ஆரியம் போல உலகவழக்கு ஒழிந்து சிதையாமல் நிற்கும் இளமை தமிழுக்கு உண்டு. அவ்விளமையின் திறத்தையே இறுதி அடி வியக்கிறது. மொழிகளைப் பெற்றவள் என்பதை உணர்த்த ஆசிரியர் ஆண்ட சொல் ‘உதரம்’. தாய்மை அச்சொல் ஒன்றிலேயே உளது.

இப்போது முழுப்பாட்டின் அமைப்பு விளங்கும். முதல் ஆறடிகளில் அணங்காகிய இளையவள். அடுத்த ஐந்தடிகளிற் பல மக்களைப் பெற்ற தாய். இறுதியில், பெற்றும் தளராத இளமை கண்டு வியப்பு. பெற்றவள் மூத்தல் உலகியல். இவளோ பெற்றும் மூவாதவள். வியப்பிற்குக் காரணம் இம்முரண். இம்முரணை நீக்கிவிட்டால் இளமை என்பது வெறும் புகழ்மொழியாகும். தமிழ் இன்றும் வளமாக உளது, புதுமைகளை ஏற்கிறது என்றெல்லாம் இக்காலத்தார் உரைக்கும் விளக்கங்கள் நல்லனவே. ஆனால் அவை ஆசிரியர் கருதியவை அல்ல.

இம்முரண் சுந்தரம் பிள்ளை புதிதாகக் கண்டதுமன்று. சைவ சித்தாந்த நூல் கற்றார்க்கு இஃது எளிதில் நினைவிற்கு வரும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில், சிவமும் சத்தியும் கூடி உலகுயிர்கள் அனைத்தையும் ஈன்ற பின்னரும் சிவன் பிரமசாரியாகவும் சத்தி கன்னியாகவும் இருப்பர் என்றும், அவ்வுண்மை தவமுடையார்க்கே தெளிவாகும் என்றும் கூறுகிறார். பழமைக்கெல்லாம் பழமையாயும் புதுமைக்கெல்லாம் புதுமையாயும் இறைவன் விளங்குதலை மணிவாசகர் திருவெம்பாவையிற் பாடினார். சுந்தரம் பிள்ளை கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர், திருவாசகத்தில் ஆழ்ந்தவர். அவர்தம் நாடகத் தலைவியின் பெயராகிய மனோன்மணி என்பதே சைவ நூல்களிற் சத்தியின் பெயர். பாண்டியன் பெயர் ஜீவகன். அவனை வஞ்சிக்கும் அமைச்சன் குடிலன். அவனைக் காக்கும் குரு சுந்தர முனிவர். சீவனும், கோட்டமும், குருவும் நாடகப் பாத்திரங்களாகி நடிக்கும் ஒரு நூலின் பாயிரத்தில், தமிழைப் பரம்பொருளோடு உவமித்ததைப் புலவர்க்கு வழக்கமான மிகைக்கூற்று என ஒதுக்குதல் பொருந்தாது. நூலின் உள்ளுறையோடு ஒட்டிய உவமை அது.

செயல் மறத்தல் என்பதும் இவ்வழியே பொருள் பெறுகிறது. இன்று அதனைக் கேட்பார், அழகைக் கண்டு மெய்மறத்தல் என எளிதாகக் கொள்வர். அவ்வாறு கொள்வது தவறன்று. ஆயினும் சித்தாந்தத்தில், யான் செய்கிறேன் என்னும் முனைப்பு அற்று இறைபணியில் நிற்றல் ஆன்மாவின் உயர்ந்த நிலையாகப் பேசப்படும். சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் அதனையே கூறுகிறது. பரம்பொருளைப் போன்றவள் எனத் தமிழை முன்னடியில் உவமித்த ஆசிரியர், அவள் முன் நிற்பார் தம் செயல் இழப்பர் எனப் பின்னடியில் முடித்தது ஒரே கருத்தின் தொடர்ச்சி. உவமை நீங்கியபின் இச்சொல் தன் வேரை இழந்தது. வழிபாட்டுப் பாடலோ நாட்டுப்பண்ணோ என்று பின்னாளில் எழுந்த ஐயத்திற்கு இதுவே வித்து. வணக்கத்திற்குரிய காரணத்தை நீக்கி, வணங்கும் வினையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சுந்தரம் பிள்ளை வரலாற்றறிஞருமாவார். திருவிதாங்கூர்ப் பழைய மன்னர் பற்றியும் திருஞானசம்பந்தர் காலம் பற்றியும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சிகள் புகழ்பெற்றவை. கூன்பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினனாகக் கருதிச் சம்பந்தரையும் அக்காலத்திற்கு இறக்கிய கால்டுவெல்லின் முடிபை அவர் மறுத்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிற்பட்டவர் ஆகார் என நிறுவினார். கால்டுவெல்லிடமிருந்து மொழிக்குடும்பக் கொள்கையை ஏற்றவர், காலக் கணக்கை ஏற்றிலர். இவ்வாறு தமிழின் பழமையை நிறுவ உழைத்த ஒருவர், வணக்கம் பாடுங்கால் பழமையைப் பாடாமல் இளமையைப் பாடினார் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆண்டுகளை எண்ணுவது ஆராய்ச்சியின் தொழில். எண்ணிய ஆண்டுகள் ஒன்றும் செய்யவில்லை என்பது வணக்கத்தின் வியப்பு.

தமிழிலிருந்து ஏனைய மொழிகள் பிறந்தன என்னும் கூற்று இன்றைய மொழியியலுக்கு உடன்பாடன்று. எல்லிசு 1816-இல் தென்மொழிகளின் உறவைக் காட்டினார். கால்டுவெல் அதனை விரித்து நிறுவினார். ஆயின் கால்டுவெல்லும் தமிழையே ஏனையவற்றின் தாய் எனக் கூறினாரல்லர். பழைமை கெடாது காத்த மொழி என்றே அதனைச் சிறப்பித்தார். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்குப் பின்னர் முதல்திராவிடம் என்னும் மூலமொழிக் கொள்கை உறுதிபெற்றது. மலையாளம் தமிழோடு நெடுங்காலம் ஒன்றாயிருந்து பிரிந்தது. கன்னடமும் துளுவும் அதற்கு முன்னரே கிளைத்தவை. தெலுங்கு வேறொரு கிளையைச் சார்ந்தது. எனவே இவ்வடிகளை மொழிநூற் சான்றாகக் காட்டுவார் ஆசிரியர்க்கும் நன்மை செய்தவராகார். ஒன்று பலவாதல் என்பது படைப்பைப் பற்றித் தத்துவ நூல்கள் கூறும் வாய்பாடு. ஐரோப்பிய அறிஞர் வரைந்த மொழிக் கொடிவழியைச் சுந்தரம் பிள்ளை அவ்வாய்பாட்டில் வார்த்தார். அவர் கூறியது மொழிவரலாறாகத் தோன்றும். கருத்தால் அது படைப்புப் பாட்டு.

ஆரியம் பற்றிய அடி பெரும்பூசலுக்கு இடமாயிற்று. அதனை வடமொழி செத்தொழிந்தது என்னும் வசையாகக் கொண்டு மகிழ்வாரும் வருந்துவாரும் உளர். அடியில் நின்ற ‘உலகவழக்கு’ என்னும் சொல்லை இருசாராரும் கவனியார். வழக்கு, செய்யுள் எனப் பிரிக்கும் தொல்காப்பிய மரபில் உலகவழக்கு என்பது மக்கள் நாவில் வழங்கும் பேச்சு. வடமொழி அதனை இழந்தது என்பதே ஆசிரியர் கூறியது, நூல்வழக்கை இழந்தது என அவர் கூறவில்லை, கூறவும் இயலாது. மேலும் தாழிசைகளுள் அவர் வடமொழியையும் தென்மொழியையும் கலைமகளின் இரு கண்களாகக் கூறுகிறார். அவள் கிழக்கு நோக்கி நின்றால் வலக்கண் தென்திசைக்கண் ஆகும். ஆகவே வலக்கண் தென்மொழி என்கிறார். திசையறிவைக் கொண்டு தமிழுக்கு ஏற்றம் தேடிய நயம் இன்பம் பயப்பது. இடக்கண்ணைப் பழித்து எவரும் வலக்கண்ணைப் போற்றார். மற்றொரு தாழிசையில் திருக்குறளை உணர்ந்தார் குலத்திற்கொரு நீதி கூறும் மனு முதலிய நூல்களை எண்ணார் எனக் கடிந்துரைப்பதும் உண்மையே. மொழியைக் கண் என்றவர் நீதியை ஒப்பவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் அவரை வடமொழிப் பகைவர் என்பாரும், நண்பர் என்பாரும் தத்தமக்கு வேண்டிய தாழிசையை மட்டும் எடுத்தாள்கின்றனர்.

1970-இல் இவ்வடிகள் விடப்பட்டதற்குப் பிறமொழியார் மனம் நோதல் கூடாது என்னும் எண்ணம் காரணமாகக் கூறப்படுகிறது. அரசு விழாவில் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் உடன் நின்று பாடும்போது, அவர்தம் மொழிகளை நம் மொழியின் மக்கள் எனப் பாடுமாறு அவர்களை வேண்டுவது முறையன்று. அந்நோக்கத்தில் அடிகளை விட்டது பண்பாடே ஆகும். மீண்டும் சேர்த்தல் வேண்டும் என அவ்வப்போது எழும் குரலோடு யாம் உடன்படுகிலேம். பாடும் பாட்டிற்கு ஒரு பயன், கற்கும் பாட்டிற்கு ஒரு பயன். எம் முறையீடு வேறு. பாடநூல்களும் உரைநூல்களும் பாடப்பெறும் வடிவத்தையே சுந்தரம் பிள்ளையின் பாட்டு எனத் தந்து, அதன்மேல் உரை எழுதுவது வழக்கமாயிற்று. உரையாசிரியன் அரசாணைக்கு உரை காண்பவன் அல்லன். இளமைக்கும் செயல் மறத்தலுக்கும் பொருள் எழுதப் புகுவோர் 1891-இல் அச்சான பாட்டை முழுதும் முன்வைத்து எழுதுதல் கடன்.

அவ்வாறு முன்வைப்பார்க்குத் தாழிசைகளே துணையாக நிற்கும். பன்னிரண்டு அடிகளிற் சுருங்கக் கூறியதைத் தாழிசைகள் கதைகளால் விரிக்கின்றன. கடலைக் குடித்த குறுமுனி, வைகையில் எதிரேறிய ஏடு, ஒரு பிழை பற்றிச் சொல்லிழந்து விழித்த கதை எனப் பழங்கதைகள் பலவும் அங்கே தமிழின் பெருமைக்குச் சான்றாகின்றன. பத்துப்பாட்டைக் கற்றவர் பொருளற்ற கற்பனைகளைப் பற்றார் என்னும் தாழிசை வரலாற்றார்க்குச் சிறப்பாக இனிக்கும். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டது 1889-இல். மனோன்மணீயம் வந்தது 1891-இல். ஏட்டிலிருந்து வெளிப்பட்ட இரண்டே ஆண்டுகளில் பழைய பாட்டுகள் புதிய நூலொன்றின் பாயிரத்தில் அளவுகோலாக நின்றன. மறைந்து கிடந்தது மீண்டும் இளமையோடு எழுந்ததை ஆசிரியர் தம் கண்முன்னே கண்டார்.

எனினும் நீக்கப்பட்ட அடிகளுக்கு ஆசிரியரே எழுதிய உரை எனத்தக்கது மற்றொரு தாழிசை. மணிவாசகர் சொல்லத் தில்லைக் கூத்தன் தன் கையாலே திருவாசகத்தை ஏட்டில் எழுதிக்கொண்டான் என்பது பழைய வரலாறு. எழுதிக்கொண்டது எதற்கு? உலகங்கள் யாவும் ஒடுங்கும் கடையூழியில் இறைவன் ஒருவனே எஞ்சி நிற்பான்; அத்தனிமையைப் போக்கிக்கொள்ள ஒரு படி தனக்கென வைத்துக்கொண்டான் என்கிறார் சுந்தரம் பிள்ளை. முன் அடிகளில், படைத்தும் காத்தும் அழித்தும் பரம்பொருள் இருந்தபடி இருத்தலைத் தமிழுக்கு உவமையாக்கினார். இத்தாழிசையிலோ, அழித்தல் முடிந்து அப்பரம்பொருள் தனித்திருக்கும்போது அதற்குத் துணையாக இருப்பது தமிழ் நூல் ஒன்று. உலகவழக்கு வழங்குதற்கு உலகமே இல்லாத காலத்திலும் அந்நூலைப் படிப்பான் ஒருவன் உளன்.